தாழ்ச்சி மாசம்

பாப்பா காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்து வச்சுக்கிறீங்களாம்மா? பைக்குள்ள கண்ணாடி போட்ட படம் இருக்கு, செருப்பு படுது. தப்பா நெனைக்காதீங்க. சாமி படம்னு சொல்ல முடியாது, ஆனா கிட்டத்தட்ட அது மாதிரிதான். பஸ்ஸ விட்டு இறங்குறதுக்குள்ள காட்டுறேன்.

தூங்குதா? தூங்கட்டும். தூங்குறப்ப எல்லாப் பிள்ளையும் சம்மனசுதான், தேவதூதந்தான், முழிச்சாத்தான தெரியும் சேதி. எந்த ஸ்கூல்ல போடப் போறீங்க? ஓ, அடுத்த வருசந்தானா. நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கட்டடத்தப் பாக்காதீங்க, வேனப் பாக்காதீங்க. பண்பு சொல்லிக் குடுக்குறாங்களான்னு பாருங்க. ஏபிசிடிய யாரு வேணாலும் சொல்லிக் குடுத்துருவாங்க. நான் டீச்சர். ஹெச்.எம். ஹில்டா டீச்சர்னு சொன்னா எங்க ஊர்ல போற பஸ்ஸு நிக்கும். அதெல்லாம் போன வருசம். இப்ப மலைமேல ஒரு ஸ்கூல்ல கொண்டுபோயிப் போட்டுட்டாங்க. பாதி நாள் கிளாஸ்ல மேகந்தான் வந்து உக்காந்திருக்கு, பிள்ளைங்களக் காணோம்.

என்ன தப்புப் பண்ணுனேன்னு கேளுங்களேன். பிள்ளைங்களுக்குத் தாழ்ச்சி சொல்லிக் குடுத்தேன். அதான் நான் பண்ணுன தப்பு. நீங்க இந்துன்னு நெத்தியப் பாத்தாலே தெரியுது, அதனால வெளங்கச் சொல்றேன். எங்க கோயில்ல தாழ்ச்சின்னா பணிவு. தன்னைத்தானே தாழ்த்திக்கிறது. எங்க ஸ்கூலு பங்குக் கோயிலுக்குச் சொந்தமான ஆர்.சி. ஸ்கூலு, அஞ்சாங் கிளாஸ் வரைக்கும். நான் ஹெச்.எம்.மா வந்த அன்னிக்கே ஒரு வழக்கம் கொண்டு வந்தேன். மாசத்துக்கு ஒரு நற்பண்பு. ஒரு மாசம் உண்மை, ஒரு மாசம் பகிர்தல், ஒரு மாசம் கீழ்ப்படிதல். வராண்டாச் சொவத்துல சார்ட்டு அட்டையில பெரிய மரம் வெட்டி ஒட்டியிருப்பேன். எந்தப் பிள்ள நல்லது செஞ்சாலும் பச்சைக் காகிதத்துல ஒரு இலை, அதுல அந்தப் பிள்ள பேரு. வர்ற அதிகாரிங்கல்லாம் முதல்ல அந்த மரத்து முன்னாலதான் நிப்பாங்க. எங்க ஸ்கூல்ல கக்கூஸ் கதவு சரியில்ல, ஒத்துக்கிறேன். ஆனா அந்த மரம் மாதிரி எங்கயும் கெடையாது.

அந்த மரத்துல பாதி இலை ஒரே பிள்ளையோடது. ஜெனோவா. அஞ்சாங் கிளாஸ். எங்க ஸ்கூல் கூட்டிப் பெருக்கி, கக்கூஸ் கழுவுற ரெஜினா இருக்காளே, அவ மக. கீழத்தெருக்காரங்க. எங்க கோயில்தான், எங்க வேதந்தான், பூசைக்கு வந்தா அந்தப் பக்கமா உக்காருவாங்க. யாரும் சொல்லி இல்ல, அவங்களா அங்க உக்காருவாங்க, அது அப்பிடியே பழகிப்போச்சு. நான் சாதி பாக்குறவ இல்லம்மா. ரெஜினாவுக்கு டீ குடுக்கன்னே தனியா ஒரு டம்ளர் வாங்கி வச்சிருந்தேன், என் சொந்தக் காசுல. நல்ல எவர்சில்வர் டம்ளர்.

ஜெனோவா நல்ல பிள்ள, ஆனா வாய் உண்டு. ஒண்ணு சொன்னா ஒண்ணு கேப்பா. தவக்காலம் வந்துச்சு. தவக்காலம்னா இயேசு பாடுபட்டதை நெனைச்சு நாங்க நோன்பு இருக்குற காலம். அந்த மாசத்துப் பண்பு தாழ்ச்சி. நான் நடத்துனது என்னன்னா, சாகுறதுக்கு முந்தின ராத்திரி இயேசு தன் சீடர்களோட பந்தியில உக்காந்திருந்தாரு. திடீர்னு எந்திரிச்சாரு, துண்டை இடுப்புல கட்டுனாரு, தண்ணிய எடுத்து பன்னெண்டு சீடர் காலையும் ஒவ்வொண்ணாக் கழுவித் தொடைச்சாரு. நான் செய்யுற மாதிரி நீங்களும் ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவுங்கன்னாரு. அதை நெனைச்சுத்தான் பெரிய வியாழன் அன்னிக்குக் கோயில்ல சாமியார் பன்னெண்டு ஆம்பளைங்க காலைக் கழுவுவாரு. அந்தப் பன்னெண்டு பேரும் வீட்டுலயே சோப்புப் போட்டுத் தேச்சு, பவுடர் போட்டுத்தான் வருவாங்க, அது வேற கதை.

நான் கண்ணுல தண்ணி வர நடத்திக்கிட்டிருக்கேன், இவ கையத் தூக்குறா. "டீச்சர், அப்ப இயேசு காலை யாரு கழுவுனா?"

நான் சொன்னேன், "அது வேற நாளு. ஒரு பாவிப் பொம்பள வந்து கண்ணீரால கழுவுனா."

"பாவிங்கதான் கழுவணுமா டீச்சர்?"

"உக்காரு"ன்னேன். வேற என்ன சொல்ல? வேதத்துல குறுக்குக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லியிருக்கேன். அன்னிக்கு அவளுக்கு இலை குடுக்கல.

ஆனா அந்தப் பாடத்துலதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. வாயால சொன்னா பிள்ளைங்க மனசுல தங்குமா? செஞ்சு பாக்கணும். பெரிய வாரத்துக்கு முந்தின வாரம் ஸ்கூல்ல ஒரு விழா வச்சு, பிள்ளைங்களே ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவட்டும். சூப்பிரண்டு சாமியைக் கூப்புடுவோம். பிஷப்புக்குக் கீழ இருக்குற மறைமாவட்டத்து ஸ்கூல் எல்லாத்துக்கும் அதிகாரியா ஒரு சாமியார் இருப்பாரு, அவரைத்தான் அப்பிடிச் சொல்லுவோம். எனக்கு அப்ப ரிடையர்மென்டுக்கு ஒரு வருசந்தான் பாக்கி. போறதுக்குள்ள ஊரு பேசுற மாதிரி ஒண்ணு பண்ணிட்டுப் போகணும்னு ஆசை. நியாயமான ஆசைதான?

யாரு யாருக்குக் கழுவுறதுன்னு சண்ட வந்துறக் கூடாதுன்னு சீட்டுக் குலுக்குனேன். அங்கதாம்மா வந்துச்சு வினை. அமல்தாஸ் சார் பேரன் கெவின் எடுத்த சீட்டுல ஜெனோவா பேரு.

அமல்தாஸ் சார் யாருன்னா, ரைஸ் மில் முதலாளி, பங்குப் பேரவைக்கு, அதான் கோயில் கமிட்டிக்கு, உபதலைவர். கோயில் மணி அவர் குடுத்தது. ஸ்கூல் மைக் செட் அவர் குடுத்தது. தங்கமான மனுசன், குரலை ஒசத்திப் பேசி நான் கேட்டதில்ல. மறுநாள் காலையில வந்தாரு. நாற்காலி போட்டேன், உக்காரல.

"டீச்சர், நல்ல காரியம் பண்றீங்க. குறையே சொல்ல மாட்டேன். கெவினுக்குத்தான் கொஞ்சம் சளி."

"சார், அவன் கால்ல தண்ணி படாது சார். அவன் கழுவப் போறவன்."

"கை நனையுமில்ல?"

"நனையும் சார்."

கொஞ்ச நேரம் அந்த மரத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. "எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நான் வேதம் தெரிஞ்சவன். மருமகதான் மாசமா இருக்கா, அவ மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க."

"புரியுது சார்"னேன். இதுல சாதி எங்கம்மா வந்துச்சு? அந்த வார்த்தைய அவர் சொல்லல, நானும் சொல்லல. ரெண்டு பேரும் சளியப் பத்தித்தான் பேசுனோம். அதுக்கு மறுநாள் இன்னும் நாலஞ்சு வீட்டுல இருந்து ஆளு வந்துட்டாங்க, அந்தப் பிள்ளைங்களுக்கும் சளி. பங்குனி வெயில்ல ஊருக்கே சளி புடிச்சிருச்சு.

நான் என்ன செய்ய? விழாவ நிறுத்தவா? சூப்பிரண்டு சாமிக்கு அழைப்பு போயிருச்சு. பிள்ளைங்கள ஏமாத்தவா? அன்னிக்கு வீட்டுல செபமாலை சொல்லிக்கிட்டே இருந்தேன், சொல்லச் சொல்ல ஆண்டவர் வழி காட்டுனாரு. ஏன் எல்லாரும் கழுவணும்? வேதத்துல எல்லாருமா கழுவுனாங்க? ஒரே ஒருத்தர்தான கழுவுனாரு. ஒரு இயேசு, பன்னெண்டு சீடர். சளி புடிச்ச பிள்ளைங்கல்லாம் சீடர். சும்மா உக்காந்து காலை நீட்டுனாப் போதும். இயேசு யாரு? ஜெனோவா.

எப்பிடி? பாம்பும் சாகல, கம்பும் முறியல. யோசிச்சுப் பாருங்க, அந்தத் தெருப் பிள்ளைக்கு இயேசு வேஷம். எந்த ஸ்கூல்ல குடுப்பாங்க? கேக்குறவங்களுக்கும் பதில் இருக்கு, மரத்துல யாருக்கு இலை ஜாஸ்தியோ அவங்கதான் இயேசு. அமல்தாஸ் சார்ட்ட போயிச் சொன்னேன். கேட்டுட்டு, முகமெல்லாம் மலர்ந்து, "இதான் டீச்சர் பொருத்தம்"னாரு. பந்தல் செலவு என்னோடதுன்னுட்டாரு. எங்க கோயில் சாமியார், பங்குச்சாமி மட்டும் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, "கால்ல தண்ணி பட்டா இவங்களுக்குச் சளி கூடிறாதா டீச்சர்?"னு. வெந்நீர் வச்சுக்கலாம் சாமின்னேன். அவர் அப்பிடித்தான், எதையாவது சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டுப் போயிருவாரு.

ஜெனோவாவைக் கூப்புட்டுச் சொன்னேன். அவ மொகத்த நீங்க பாத்திருக்கணும். "நெசமாவா டீச்சர்? நானா டீச்சர்?"னு கையப் புடிச்சுக்கிட்டா. ஏன்னா கிறிஸ்மஸ் நாடகத்துல மாதா வேஷம் கேட்டு அழுதவ அவ. மாதாவுக்கு ஒரு முகவெட்டு வேணும்ல? கெவின்தான் மாதா புருசன் சூசையப்பர், அவன் பக்கத்துல நிக்க ஒரு பொருத்தம் வேணும்ல? அதனால அவளுக்கு ஆடு வேஷம் குடுத்திருந்தேன். ஆட்டுலருந்து நேரா இயேசு. இதுக்கு மேல ஒரு டீச்சர் என்ன செய்ய முடியும்?

ரெஜினாவும் சிரிச்சுக்கிட்டே வந்தா. "டீச்சர், வீட்டுல ஒருத்தர் காலையும் விட மாட்டேங்குறா. நான் வேலை முடிஞ்சு போனா சட்டியோட வாசல்ல உக்காந்திருக்கா. பக்கத்து வீட்டு ஆளுங்களையும் கூப்புட்டுக் கழுவி விடுறா"ன்னா. அவளுக்குப் பெருமை. எனக்கும் பெருமைதான். பண்புன்னா இப்பிடித்தான் வீடு வரைக்கும் போகணும்.

ஒத்திகையில ஒரு தடவ அந்தப் பழைய கேள்வியத் தூக்கிட்டு வந்தா. "டீச்சர், நான் எல்லாருக்கும் கழுவுனப்புறம் எனக்கு யாரு கழுவுவா? ஒருத்தருக்கு ஒருத்தர்னுதான சொன்னீங்க?" எனக்கு அன்னிக்கு ஆயிரம் வேலை. பந்தல்காரன் ஒரு பக்கம், பாட்டுக்காரப் பிள்ளைங்க ஒரு பக்கம். "முதல்ல எல்லாம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்"னேன். பிள்ளைங்ககிட்ட நாம சொல்றதுதான? உங்க பாப்பா பஸ்ஸுல இருந்து நிலா கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க? அப்புறம் பாக்கலாம்னுதான சொல்லுவீங்க?

விழா அன்னிக்கு மேடை பாக்கக் கண்ணு போதாது. பன்னெண்டு நாற்காலி அரைவட்டமா, நடுவுல இயேசுவுக்கு ஒரு நாற்காலி. முதல்ல இயேசு அதுல உக்காந்திருப்பாரு, பாட்டு ஆரம்பிச்சதும் எந்திரிச்சுத் துண்டைக் கட்டணும். ஜெனோவாவுக்குப் பீடத்துல நிக்கிற பசங்க போடுற வெள்ளை அங்கி வாங்கிப் போட்டேன். தாவணி மாதிரி ஒரு செவப்புத் துணி. வெறுங்காலு. ரெஜினா மேடைக்குப் பின்னால வெந்நீர்க் குடத்தோட நிக்கணும், அழுக்குத் தண்ணிய ஊத்திட்டு நல்ல தண்ணி மாத்தித் தரணும். முன்னால வரக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். மத்த அம்மாக்கள்லாம் முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. அவளுக்கு வேலை இருக்குல்ல, அதனால அப்பிடி.

பிள்ள என்னமாச் செஞ்சாங்குறீங்க. மண்டி போட்டு, ஒவ்வொரு காலா மடியில தூக்கி வச்சு, தண்ணி ஊத்தி, வெரலு வெரலாத் தேச்சு, துண்டால ஒத்தி எடுத்தா. பெரிய வியாழன்ல சாமியாரே இந்த அளவுக்குச் செய்ய மாட்டாரு, ஒரு கை தண்ணி தெளிச்சுட்டுப் போயிருவாரு. சீடருங்கள்லாம் காலுக்குப் பவுடர் போட்டு வந்திருந்தாங்க, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க நகப்பாலிஷ் வேற. கடைசி ஆளு கெவின் பய மட்டும் மேடையேறுறதுக்கு முன்ன குழாயடிச் சேத்துல வேணும்னே மிதிச்சுட்டு வந்துட்டான். கூடப் படிக்கிற பசங்க சிரிக்கணும்னு. சிரிச்சாங்க. பிள்ளைங்கதான. ஜெனோவா அவன் காலைத்தான் ரொம்ப நேரம் கழுவுனா. நகக் கண்ணுல இருந்த சேத்தக்கூட விடல. பாதியில இருந்து அவன் சிரிக்கிறத நிறுத்திட்டான். சூப்பிரண்டு சாமி முன்னால சாய்ஞ்சு பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம், ரிடையர்மென்டு விழாவுல இதைப் பத்தித்தான் பேசுவாங்கன்னு.

பன்னெண்டு பேரும் முடிஞ்சுச்சு. முடிஞ்சதும் அவ என்ன செய்யணும்? துண்ட மடிச்சு வச்சுட்டு கையக் கூப்பி நிக்கணும், பாட்டு முடியணும், நன்றியுரை. இதைத்தான் ஒத்திகை பாத்தோம். ஆனா அவ துண்ட மடிச்சா, சட்டிக்குப் பக்கத்துல வச்சா, நேராப் போயி நடு நாற்காலியில உக்காந்தா. உக்காந்து, அங்கியக் கொஞ்சம் தூக்கிட்டு, ரெண்டு காலையும் முன்னால நீட்டுனா.

நீட்டிட்டு, என்னையப் பாத்தா.

நான் கண்ணக் காட்டுனேன், எந்திரின்னு. எந்திரிக்கல. கோவமெல்லாம் இல்ல அவளுக்கு, மொகத்துல சிரிப்பு இருந்துச்சு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி காத்துக்கிட்டிருக்கா. பாட்டு முடிஞ்சு போச்சு. அப்பப் பாருங்க, இந்தக் கெவின் எந்திரிக்கிறான். எந்திரிச்சுத் தண்ணிச் சட்டியப் பாத்து ஒரு எட்டு வச்சுட்டான். முன்வரிசையில இருந்து அமல்தாஸ் சார், "கெவினு"ன்னாரு. சத்தமா இல்ல, மெதுவாத்தான். நான் அவன் பின்னாலதான் நின்னுக்கிட்டிருந்தேன், டக்குனு தோளப் புடிச்சு உக்கார வச்சுட்டேன். திமிறுனான், அழுத்திப் புடிச்சேன். நல்லவேளை நான் அங்க நின்னேன். இல்லன்னா நிகழ்ச்சியே கெட்டுப்போயிருக்கும்.

இருந்தும் கெட்டுத்தான் போச்சு. மேடைக்குப் பின்னால நிக்கச் சொன்ன ரெஜினா, குடத்தத் தூக்கிக்கிட்டு முன்னால வந்துட்டா. யாரையும் பாக்கல. சட்டியில இருந்த சேத்துத் தண்ணிய மேடையோரத்துல ஊத்துனா. நல்ல தண்ணி ஊத்துனா. முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு உக்காந்து, மக காலைக் கழுவுனா. ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. துண்ட எடுக்கல, சேலையிலதான் தொடைச்சா. அவ அழுவல. அழுதிருந்தாலாவது ஒரு பக்தியா இருந்திருக்கும். தொடைச்சுட்டு, பிள்ள கையப் புடிச்சுக்கிட்டு, முன்படி வழியா இறங்கி, அம்புட்டு சனத்துக்கும் நடுவுல நடந்து கேட்டத் தாண்டிப் போயிட்டா. அங்கியோட.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. எங்காளுங்க அந்தப் பழமொழி சொல்லக் கூடாது, ஆனா வேற என்னத்தச் சொல்ல? நான் சமாளிச்சேன். மைக்கைப் புடிச்சு, "தாயின் அன்பே தாழ்ச்சியின் சிகரம்"னு ரெண்டு வார்த்தை பேசி முடிச்சு வச்சேன். கை தட்டுனாங்க. சூப்பிரண்டு சாமி சாப்புடாமக் கெளம்பிட்டாரு. கோழி அடிச்சிருந்தோம் அவருக்கு. கார்ல ஏறுறப்ப என்னக் கூப்புட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "டீச்சர், அந்தப் பையன் எதுக்கு எந்திரிச்சான்?"

நான் சொன்னேன், "பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்திருக்கும் ஃபாதர்."

என்னைய ஒரு பார்வை பாத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாரு. ஸ்கூல் தொறக்குறப்ப மாறுதல் உத்தரவு வந்துருச்சு. மலைக்கு. ஒரே ஒரு வருசம் இருக்கு எனக்கு. என் பிரிவு விழா என் ஸ்கூல்ல நடக்கணும்மா. நான் ஒட்டுன மரத்துக்கு முன்னால நாற்காலி போட்டு, மாலை போட்டு, பிள்ளைங்க பாடி அனுப்பணும். மேகத்துக்கு நடுவுல யாரு எனக்கு மாலை போடுவா? நான் பட்ட பாடெல்லாம் யாருக்காக?

ரெஜினாதான் புகார் எழுதிப் போட்டிருக்கான்னு நெனைச்சேன். ஊரே அதான் சொல்லுச்சு. விசாரிச்சா, அவ ஒரு வார்த்தை யார்ட்டயும் சொல்லல. விழாவுக்கு மறுநாள் காலையில ஸ்கூல் கேட்டுல அந்த அங்கி தொங்குது. துவைச்சு, மடிச்சு, இஸ்திரி போட்டு. கூடவே கக்கூஸ் சாவி. அவ்வளவுதான். பிள்ளையக் கூட்டிக்கிட்டு அவ தங்கச்சி ஊருக்குப் போயிட்டா. அங்க பஞ்சாயத்து ஸ்கூல்ல சேத்திருக்காளாம். பஞ்சாயத்து ஸ்கூல்ல தாழ்ச்சிய யாரு சொல்லிக் குடுப்பா? நல்லதுக்குக் காலமில்லம்மா.

நான் போறவரைக்கும் அந்தப் பிள்ள இலை மரத்துல இருந்துச்சு. கிழிச்சுப் போட மனசு வரல. பேரை அழிச்சுட்டு வேற பிள்ளைங்க பேரை எழுதி விட்டேன், காகிதத்த வீணாக்கக் கூடாதுல்ல. கெவின் மட்டும் வேண்டாம்னுட்டான். எனக்கு அந்த இலை வேண்டாம் டீச்சர்னு மொகத்துக்கு நேரா சொன்னான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பிடி ஒரு பிடிவாதம் எங்கருந்து வந்துச்சோ.

இப்ப ரெஜினா இருக்குற ஊருக்குத்தான் போறேன். ஓடைக்கரை விலக்குல, ஊருக்குப் பாதை பிரியுற எடத்துல இறங்கணும். ரெஜினா எங்கூட ஒரு எட்டு வந்து சூப்பிரண்டு சாமிகிட்ட, டீச்சர் மேல எந்தத் தப்பும் இல்ல, எங்களுக்கு நல்லதுதான் செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என்னைய அவர் திருப்பி அனுப்பிருவாரு. வருவா. நல்லவதான், நான் கூப்புட்டு வராம இருந்ததே இல்ல. ஒரு தடவை காய்ச்சலோட வந்து கழுவிட்டுப் போனா.

என்ன கேட்டீங்க? மன்னிப்பா? யாருக்கும்மா? நான் அந்தப் பிள்ளகிட்டயா? என்னம்மா நீங்க, இவ்வளவு நேரம் கேட்டுட்டு இப்பிடிக் கேக்குறீங்க. நான் அவளை இயேசுவாக்குனவம்மா.

சரி விடுங்க, படத்தப் பாருங்க. பேப்பரப் பிரிக்கிறேன், கொஞ்சம் புடிங்க. வெறுங்கையோட போவேனா? விழாவுல எடுத்த போட்டோவப் பெருசாக்கி, கண்ணாடி போட்டு எடுத்துக்கிட்டுப் போறேன். இது கெவின், எவ்வளவு லட்சணமா உக்காந்திருக்கான் பாருங்க. இந்தா முன்வரிசை, அமல்தாஸ் சார், அது சூப்பிரண்டு சாமி. இங்க மைக்குக்குப் பக்கத்துல நான். ஜெனோவாவா? இந்தா, கீழ. இந்த வெள்ளைத் துணி. குனிஞ்சிருக்கால்ல, அதனால மொகம் தெரியல, உச்சந்தல தெரியுது பாருங்க, வகிடு. அவதான்.

மொகம் தெரியிற மாதிரி இன்னொண்ணு எடுத்திருந்தான் ஸ்டுடியோக்காரன். ரெஜினா உக்காந்து கழுவுறாளே, அது. தாய் மொகமும் மக மொகமும் கண்ணாடி மாதிரித் தெளிவா விழுந்திருந்துச்சு. நிகழ்ச்சி நிரல்ல இல்லாததை எதுக்கு வச்சுக்கிட்டுன்னு அழிக்கச் சொல்லிட்டேன்.

விலக்கு வந்துருச்சு போல. கண்டக்டர் தம்பி, நிறுத்துப்பா, ஓடைக்கரை. அய்யய்ய, வெளிய பாருங்க, மழையில பாதை பூராம் சேறு. அவங்க தெரு அந்தக் கடைசியிலயாம், உள்ள ஆட்டோ வராதாம். போகட்டும். பாப்பாவப் பத்திரமாப் புடிச்சுக்கோங்க. நடந்துதான் போகணும், காலெல்லாம் சேறாகும், ஆனா அதுக்கென்ன? வாசல்ல போயி நின்னா ரெஜினா ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து ஊத்திக் கழுவி விட மாட்டாளா?